கவாத்து முடிந்த பந்தலுக்குப் பக்கத்து அறை

ஆள்காட்டி விரலில் மாட்டுகிற அந்தச் சின்னக் கவ்வியிலிருந்து தொடங்குகிறேன். கொரோனாவுக்குப் பிறகு அதைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று எண்ணாகக் காட்டும். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருந்தால் நிம்மதி. தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். இந்த எட்டு மாதத்தில் நான் மாதா படத்தைப் பார்த்த நேரத்தைவிட இந்த எண்ணைப் பார்த்த நேரம்தான் அதிகம். இதை எங்கள் பங்குச் சாமியார் படித்தால் படிக்கட்டும்.

இப்போது தொண்ணூற்று மூன்று காட்டுகிறது, மூக்கில் குழாய் இருக்கிறது. தேனியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தின் முதல் மாடியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு மாதமாக உடம்பு பெரிதாகப் படுத்தவில்லை. இந்த அமைதி எத்தனை நாளைக்கு என்று தெரியாததால் இப்போதே எழுதிவிடுகிறேன். எங்களைப் போலவே யாரோ ஒருவர் வீட்டு நோயாளியைத் தங்க வைக்க இடம் தேடி அலைந்துகொண்டிருப்பார். நாங்கள் செய்த தப்பை அவர் செய்யக்கூடாது.

என் பெயர் பாக்கியம். தபால் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊர் அனுமந்தன்பட்டி. வீட்டுக்காரர் சவரிமுத்துவுக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் பன்னீர் திராட்சை. எங்கள் வீடே பந்தலுக்குள்தான் இருக்கிறது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கொடி கைக்கு எட்டும். ஆபீசுக்குப் போவதற்கு முன்பும் வந்த பிறகும் பிஞ்சுக் குலைகளில் கத்தரி வைத்து நெருக்கத்தைக் கழித்துவிடுவது என் வேலை. மருந்து அடிக்கும் நாளில் முந்தானையை மூக்கில் சுற்றிக்கொள்வேன். அதுவே பெரிய பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன்.

போன வருஷம் மார்கழியில் இருமல் தொடங்கியது. சளி இல்லாத வறட்டு இருமல், இரண்டு இரண்டாக வரும். பிறகு கோயில் படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு குடம் தூக்கினால். பிறகு ஒரு நாள் சேலை கட்டி முடிப்பதற்குள் கட்டிலில் உட்கார வேண்டியதாயிற்று.

"ஒண்ணுமில்ல புள்ள, பனிக்காத்து. சுக்குத் தண்ணி குடி" என்றார் அவர்.

உத்தமபாளையத்தில் இருமல் மருந்து கொடுத்தார்கள். சளியே இல்லாதவளிடம் சளி வாங்கிக் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் பயம் கூடியது. காசநோய்க்காவது மாத்திரை உண்டு, பெயர் தெரிந்த நோய். இதற்குப் பெயரே இல்லையே.

ஓசூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஸ்டெல்லா லீவு போட்டு வந்து தேனியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நெஞ்சு நோய் டாக்டர் சின்ன வயசுக்காரர். முதலில் ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். நுரையீரல் எவ்வளவு காற்றைப் பிடிக்கிறது, எவ்வளவு வேகமாக வெளியே விடுகிறது என்று பார்க்கும் சோதனை. "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விட்றாதீங்க" என்று சோதனை செய்கிற பெண் கத்துகிறாள். எனக்கோ மூன்றாவது 'இன்னும்' வருவதற்குள் கண் இருட்டிவிட்டது. அடுத்து ஸ்கேன். நெஞ்சை ரொட்டி அறுப்பது மாதிரி துண்டு துண்டாகப் படம் எடுப்பது. அந்த வளையத்துக்குள் என்னைத் தள்ளியபோது மூச்சைப் பிடிக்கச் சொன்னது மிஷின். பிடிப்பதற்கு என்னிடம் எங்கே மூச்சு இருந்தது?

ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த மூன்று மணி நேரத்தை எந்த எதிரிக்கும் கொடுக்க மாட்டேன். டோக்கன் எண் சுவரில் மாறும். ஒவ்வொரு முறை மாறும்போதும் நமது எண்ணாக இருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொள்வேன். பக்கத்தில் வீட்டுக்காரர் எக்ஸ்ரே கவரைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார்.

டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வீட்ல புறா வளக்கிறீங்களாம்மா? கோழி? பழைய வைக்கோல், பூசணம் புடிச்ச தானியம் தவசம், அப்படி ஏதாவது?"

"இல்ல சார்."

"வீட்டைச் சுத்தி என்ன இருக்கு?"

"பந்தல்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்தப் பேனா மேசையில் பட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நல்ல நுரையீரல் ஸ்பாஞ்ச் மாதிரி விரிந்து சுருங்கும். சிலருக்கு வருஷக்கணக்கில் மூச்சில் போகும் ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல் உள்ளே புண்ணாகும். புண் ஆறும்போது தழும்பு விழும். தழும்பு விழுந்த இடம் விரியாது. எனக்கு இரண்டு பக்கமும் கீழ்ப்பாகத்தில் தழும்பு விழுந்திருந்தது.

"பந்தல்தான் காரணம்னு நான் எழுதித் தர முடியாதும்மா. பல காரணம் இருக்கலாம். ஆனா இனிமே அந்தக் காத்து உங்களுக்கு ஆகாது. விழுந்த தழும்பு போகாது. புதுசா விழாமப் பாத்துக்கலாம்."

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் வீங்கியது, பசி பிடுங்கியது, ராத்திரியில் தூக்கம் ஓடிப்போனது. கண்ணை மூடினால் மூச்சு நின்றுவிடும் என்று நினைப்பு. நான் கவனித்துக்கொண்டிருக்கும் வரைதான் மூச்சு ஓடும் என்பது போல ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு கிடந்தேன். பயத்தில் பைத்தியம் பிடிப்பது எப்படி இருக்கும் என்று அங்கேதான் தெரிந்தது.

வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அந்த மனிதர் எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்ததில்லை. ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு வந்து பின்னால் உட்கார்ந்தார். கையைத் தூக்கித் தலை வார எனக்கு மூச்சு போதவில்லை என்று அவராகவே கண்டுபிடித்திருக்கிறார். பந்தலில் கொடி கட்டுகிற மாதிரி பின்னினார். சடை கோணலாகக் காதுக்குப் பக்கத்தில் தொங்கியது. வார்டே சிரித்தது. நான் அதை அன்று முழுக்க அவிழ்க்கவில்லை.

கவ்வியை வார்டில் எல்லோரும் விளையாட்டாக மாட்டிப் பார்ப்பார்கள். ஸ்டெல்லாவுக்குத் தொண்ணூற்றொன்பது. கூட்டுகிற அம்மாவுக்குத் தொண்ணூற்றெட்டு. "ஏங்க, நீங்களும் ஒரு தடவை மாட்டிப் பாருங்க" என்றால் அவர் கையை மடியில் வைத்துக்கொள்வார்.

"எனக்கென்ன நோயா? இந்த வெரலு அதுக்குள்ள நொழையாது புள்ள."

வீட்டுக்கு விடும் நாள் வந்தபோது டாக்டர் வீட்டுக்கு அனுப்பமாட்டேன் என்றார். பந்தல் இல்லாத இடம், பக்கத்தில் நர்ஸ், ஆக்சிஜன் மிஷின், கரண்ட் போனால் ஜெனரேட்டர். குறைந்தது ஆறு மாதம் அப்படி ஓர் இடத்தில் இருக்க வேண்டும். ஸ்டெல்லா ஓசூருக்குக் கூப்பிட்டாள். அவள் இருப்பது நாலாவது மாடி ஒற்றை அறையில், கீழே கம்பெனிப் புகை. ஆகவே பராமரிப்பு இல்லம்.

பராமரிப்பு இல்லம் என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எங்கள் பக்கத்தில் அங்கே கொண்டுபோய் விடப்பட்டவர்கள் என்றால் பிள்ளைகளுக்கு வேண்டாதவர்கள் என்று அர்த்தம். ஊரில் என்ன சொல்வார்கள் என்ற பயம் ஒருபக்கம். அங்கே போனால் திரும்ப மாட்டேனோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

ஸ்டெல்லா போனில் மூன்று இடங்களைக் குறித்து வைத்திருந்தாள். வாடகைக் காரில் சின்ன சிலிண்டரோடு ஒரே நாளில் மூன்றையும் பார்த்தோம்.

முதலாவது, நான் இப்போது இருக்கும் இந்த இடம். கீழே டயர் கடை, அதையடுத்து ஒரு லாட்ஜ். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். பஸ்ஸின் ஹாரன் நேராக மண்டைக்குள் இறங்குகிறது. ஓர் அறையில் இரண்டு கட்டில். இதை நடத்துகிற நூர்ஜஹான் அம்மா கம்பத்துக்காரர், பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். மற்ற இடங்களில் எல்லாம் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். இவர் சிரிக்கவே இல்லை.

"இங்கன நல்ல காத்து வராது. சத்தம் வரும். ஜன்னலுக்கு வலை அடிச்சு வச்சிருக்கேன், தூசியைக் கொஞ்சம் தடுக்கும். ஆனா ஒங்களுக்கு ஒண்ணுன்னா ஆறு நிமிசத்துல ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பீக. அதுக்குத்தான் காசு."

எனக்கு அந்தம்மாவைப் பிடிக்கவே இல்லை.

இரண்டாவது, குமுளிப் பாதையில் மலையடிவாரத்தில். ஹோட்டல் மாதிரி இருந்தது. தோட்டம், ஊஞ்சல், மீன்தொட்டி. மாதக் கட்டணத்தைக் கேட்டதும் வீட்டுக்காரர் மீன்தொட்டியைப் பார்க்கப் போய்விட்டார். என் ஓய்வூதியம் முழுவதையும் கொடுத்தாலும் பாதிதான் தேறும்.

மூன்றாவது, ராயப்பன்பட்டி போகும் பாதையில் ஒரு புது இல்லம். கட்டணம் கட்டுப்படியாகும். கிழக்கே மலை. பெரிய ஜன்னல். கோயில் மணி கேட்கும். எங்கள் ஊரிலிருந்து அவர் தன் டிவிஎஸ் வண்டியில் கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். பிந்து என்று குமுளிப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி, என்னைப் பார்த்ததும் "வா சேச்சி" என்று கையைப் பிடித்தாள். ஜன்னலுக்கு வெளியே வேலி, வேலிக்கு அப்பால் பந்தல்.

ஆமாம், பந்தல்தான். ஆனால் கவாத்து முடிந்த பந்தல். ஓர் இலை இல்லை, ஒரு குலை இல்லை. கல்லுக்காலும் கம்பியும் வெட்டுப்பட்ட குச்சிகளுமாக மொட்டையாகக் கிடந்தது. அதற்குள் வெயில் விழுந்து தரை பளிச்சென்று இருந்தது. மருந்து வாடை இல்லை. மருந்து அடிக்கிற மோட்டார் சத்தம் இல்லை.

வீட்டுக்காரர் வேலியோரம் போய்க் குச்சிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். திரும்பி வரும்போது முகம் மலர்ந்திருந்தது.

"அருமையான கவாத்து பாக்கியம். எந்தக் கண்ணை விடணும் எதை வெட்டணும்னு தெரிஞ்சவன் வெட்டியிருக்கான். நேத்தோ முந்தாநேத்தோ முடிஞ்சிருக்கு."

"ஆமாங்க" என்றேன் நானும்.

"டாக்டர் பந்தலே இருக்கக்கூடாதுன்னாருப்பா" என்றாள் ஸ்டெல்லா.

"இது மொட்டப் பந்தல் ஆத்தா. ஒண்ணும் இல்லாத பந்தல்ல என்ன இருக்கு?"

முப்பத்தாறு வருஷம் பந்தலுக்குக் கீழே கிடந்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும். கவாத்து முடிந்து பத்துப் பன்னிரண்டு நாளில் கண் வெடித்துத் துளிர் வரும், துளிர் வந்த மறுநாளே மோட்டார் வரும், அப்புறம் குலை பழுக்கும் வரை வாரத்துக்கு இரண்டு அடிப்பு உண்டு என்பது எங்களுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அவரே எத்தனை தடவை அடித்திருக்கிறார். அன்று இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. வெள்ளாமைக்காரர் கண் கவாத்தைப் பார்த்தது. என் கண் வெளிச்சத்தைப் பார்த்தது. திராட்சையே தெரியாத வெளியூர்க்காரன் வந்திருந்தால்கூட, பந்தல் என்றதும் வேண்டாம் என்று போயிருப்பான்.

முதல் பத்து நாள் சொர்க்கம். எண் தொண்ணூற்று நாலு, ஒரு நாள் தொண்ணூற்றைந்துகூடக் காட்டியது. பிந்துவிடம் மலையாளத்தில் ஜெபம் சொல்லக் கற்றுக்கொண்டேன். வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் வருவார். பயம் என்னை விட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன்.

பதின்மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்கு முன்பாக என்னைப் பார்க்க வருவதாக அவர் சொல்லியிருந்தார். காலையில் அரைத் தூக்கத்தில் இருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. முதலில் வாடைதான் வந்தது. கந்தகமும் மயில்துத்தமும் வேர்வையும் கலந்த வாடை. பந்தலில் மருந்து அடித்துவிட்டு அவர் வீட்டுக்குள் நுழையும்போது வருகிற வாடை. முப்பத்தாறு வருஷமாக அந்த வாடை வந்தால் மனுஷன் வந்துவிட்டார் என்று அர்த்தம், அடுப்பில் சாயாவைச் சூடு பண்ண வேண்டும்.

அவர் வந்துவிட்டார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே சிரித்தேன். "அதுக்குள்ள வந்துட்டீகளா?" என்றுகூடக் கேட்டேன். இன்னும் நன்றாக மூச்சை இழுத்து அந்த வாடையை உள்ளே வாங்கினேன்.

பிறகுதான் மோட்டார் சத்தம் காதில் விழுந்தது.

நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. இருமல் வந்தது, இருமி முடிக்க முடியவில்லை. மூச்சை இழுக்கிறேன், உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. மணியை அடிக்க விரல் வரவில்லை. நல்லவேளை, பக்கத்து அறைகளின் ஜன்னலை அடைத்துக்கொண்டே பிந்து ஓடி வந்தாள்.

"ஐயோ சேச்சி! ஜன்னல் துறந்து வச்சா கெடக்கிறீங்க? மோட்டார் சத்தம் கேட்டா எல்லாரும் அடச்சிருவாங்களே!"

அங்கே முன்பே இருந்தவர்கள் எல்லோருக்கும் அது பழக்கம். மோட்டார் கேட்டால் ஜன்னலை மூடுவது, முகத்தில் துணியைப் போடுவது. இல்லத்தை நடத்துகிறவர் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் அங்கே தங்கியிருந்த ஒருவரிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கவ்வியில் எண்பத்தெட்டு. பிந்து ஆக்சிஜனைக் கூட்டினாள். எண்பத்து மூன்று. மாஸ்க் வைத்தாள். எழுபத்தொன்பது. அந்த எண்ணை நான் பார்க்கக்கூடாது என்று என் கையைப் போர்வைக்குள் மறைத்தாள். அதைவிட எனக்கு வேறு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. பயம் என்றால் என்ன என்று அதுவரை நான் நினைத்திருந்ததெல்லாம் பயமே இல்லை. ஆம்புலன்ஸில் உத்தமபாளையமும் சின்னமனூரும் கடந்து தேனி வந்து சேர ஒரு மணி நேரம். நூர்ஜஹான் அம்மா சொன்ன ஆறு நிமிஷம் என்பதுதான் வழியெல்லாம் மண்டைக்குள் ஓடியது.

ஆஸ்பத்திரியில் முகத்தோடு இறுக்கிக் கட்டும் ஒரு மூடியை மாட்டினார்கள். நாம் இழுக்கும்போது மிஷின் காற்றைத் தன் பலத்தால் உள்ளே தள்ளும். புயலில் வாயைத் திறந்து வைத்திருப்பது போல இருக்கும். பேச முடியாது, தண்ணீர் குடிக்க முடியாது. அதோடு சண்டை போட்டால் மூச்சு முட்டும், ஒத்துப்போனால் பிழைக்கலாம். ஒத்துப்போக எனக்கு ஒரு நாள் ஆயிற்று.

வீட்டுக்காரர் அன்று காலையில், என்னைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன்னால், எங்கள் பந்தலில் மருந்து அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். தகவல் கேட்டுப் போட்ட சட்டையோடு பஸ் ஏறி வந்துவிட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவருகே நர்ஸ் அவரைக் கையை நீட்டி நிறுத்தியதை மூடிக்குள்ளிருந்து பார்த்தேன். அவள் என்ன சொன்னாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். "இந்தச் சட்டையோட உள்ள வராதீங்கய்யா, அந்தம்மாவுக்கு ஆகாது."

அந்த மனிதர் அங்கேயே, அத்தனை பேர் முன்னால், சட்டையைக் கழற்றினார். கழற்றிய சட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் குப்பைத் தொட்டியில் போட்டார். குழாயடியில் உடம்பைக் கழுவிவிட்டு யாரோ கொடுத்த ஆஸ்பத்திரித் துணியைப் போர்த்திக்கொண்டு வந்தார்.

"கவாத்தைப் பாத்தேன் பாக்கியம். பதிமூணாம் நாளு என்ன வரும்னு எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாதா?" என்று கட்டில் கம்பியில் நெற்றியை முட்டினார். நானும்தான் பார்த்தேன் என்று சொல்ல வாயில்லை எனக்கு. அவர் கையைப் பிடிக்க மட்டும்தான் முடிந்தது.

பதினெட்டு நாள் கழித்து எழுந்தேன். டாக்டர் புதுப் படத்தைக் காட்டினார். தழும்பு கொஞ்சம் ஏறியிருந்தது. பந்தலை வெட்டிவிடுகிறேன் என்றார் வீட்டுக்காரர். வெட்டி என்ன? வடக்கே என் கொழுந்தன் பந்தல், தெற்கே பங்காளி பந்தல், சுற்றி ஊரே பந்தல். எல்லோரும் பிழைக்க வேண்டாமா? ஆறு மாதம் என்று டாக்டர் சொன்னதை நாங்கள் யாரும் அப்புறம் பேசவில்லை. இனி நான் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன் என்று மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது.

எனக்குப் பிடிக்காத நூர்ஜஹான் அம்மாவிடமே வந்து சேர்ந்தேன். "வந்துட்டீகளா?" என்று மட்டும் கேட்டார். என் ஓய்வூதியத்தில் முக்கால் பங்கு இங்கே போகிறது. சாம்பார் சுமார். இட்லி நன்றாக இருக்கும். ஹாரன் பழகிவிட்டது. ஜன்னலுக்கு எதிரே இருக்கும் சுவரில் ஒரு பூனை வருகிறது.

இடம் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நடத்துகிறவரிடம் அரை மணி நேரம் பேசினால், தங்கியிருப்பவரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். சுற்றிலும் என்ன விளைகிறது, என்ன எரிகிறது, எந்த மாதம் என்ன நடக்கும் என்று கேளுங்கள். ஒரு தடவை போய்ப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை போங்கள். ஆஸ்பத்திரி எத்தனை நிமிஷம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போய்ப் பாருங்கள். சிரிக்காமல் குறையைச் சொல்கிறவர் இருந்தால் அவரை நம்புங்கள்.

முதலில் இங்கேயே முடித்திருந்தேன். பேனாவையும் மூடி வைத்தேன். மீதியைப் போன சனிக்கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன்.

சனிக்கிழமைதோறும் வீட்டுக்காரர் வருவார். கீழே குழாயடியில் குளித்துவிட்டு, நூர்ஜஹான் அம்மா எடுத்து வைத்திருக்கும் சலவைச் சட்டையை மாற்றிக்கொண்டுதான் மேலே வருவார். போகும்போது அந்தச் சட்டையை எனக்குப் பக்கத்துக் கட்டிலில் மடித்து வைத்துவிட்டுப் போவார். அந்தக் கட்டிலுக்கு இன்னும் ஆள் வரவில்லை. மாடிக்கு இருபத்திரண்டு படி. லிஃப்டை அவர் நம்புவதில்லை. அவர் காலடிச் சத்தம் எனக்குத் தெரியும். ஒன்பதாவது படியில் நிற்கும். பிறகு பதினைந்தில் நிற்கும். என் முகத்தைப் பார்ப்பதற்குத் தைரியம் வரவழைத்துக்கொண்டு ஏறுகிறார், பாவம், இன்னும் அந்தக் கவாத்தை மறக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

போன சனிக்கிழமை ஆறாவது படியிலேயே நின்றது. அப்புறம் பத்தில். அப்புறம் வெகுநேரம் சத்தமே இல்லை. உள்ளே வந்து பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தார். இருமினார். சளியில்லாத இருமல். இரண்டு இரண்டாக.

"கையைக் குடுங்க" என்றேன்.

"எதுக்கு?" கை மடிக்குள் போனது.

"குடுங்கன்றேன்ல."

இழுத்து என் விரலில் இருந்த கவ்வியை அவர் விரலில் மாட்டினேன். நுழையாது என்றவர் விரலில் அது சரியாகப் பொருந்தியது. எண் ஓடி ஓடி நின்றது. எண்பத்தொன்பது. விரலில் மயில்துத்தத்தின் நீலக் கறை, அதனால்தான் என்று முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினேன். மறுபடி மாட்டினேன். எண்பத்தெட்டு.

"மிசினு பழசு புள்ள" என்றார்.

என் விரலில் மாட்டினேன். தொண்ணூற்று மூன்று.

எட்டு மாதம் எனக்காகப் பயந்திருக்கிறேன். அந்தப் பயத்துக்கு ஓர் அளவு இருந்தது, என் உடம்போடு முடிந்துவிடும். இதற்கு அளவே தெரியவில்லை. கவ்வி நழுவிக் கீழே விழுந்தது.

"எத்தனை நாளா?"

அவர் குனிந்து கவ்வியை எடுத்துத் துடைத்தார். "நீ மொதத்தடவ ஆஸ்பத்திரியில இருந்தப்பவே."

"ஏன் சொல்லல?"

"ரெண்டு பேரும் படுத்துட்டா ஒன்னய யாரு பாக்குறது?"

நான் மணியை அடித்தேன். நூர்ஜஹான் அம்மா வந்து வாசலில் நின்றார். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அவர் கையில் இருந்த கவ்வியைப் பார்த்தார்.

"இந்தக் கட்டிலை யாருக்கும் குடுத்துறாதீக" என்றேன்.